முழங்கால் வலி: எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்?

பேருந்தின் கைப்பிடியை இறுகப் பிடித்து, ஒரு காலைப் படியில் ஊன்றி, மறு காலை இழுத்துக்கொண்டு ஏறுகிற அம்மாக்களைத் தினமும் பார்க்கிறோம். கல்யாணப் பந்தியில் பாய் விரித்திருந்தால் தயங்கி நின்று, நாற்காலி கேட்கிற பெரியவர்களையும் பார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் உலகில் 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. முழங்காலில் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் 36.5 கோடிப் பேர். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களில் சுமார் 60 சதவீதம் பெண்கள்.

வலி இவ்வளவு பெரிதாக இருக்கும் இடத்தில் வாக்குறுதிகளும் பெருகிவிடுகின்றன. மாத்திரை, எண்ணெய், ஜெல் ஊசி, ரத்தத்தட்டு ஊசி, ஸ்டெம்செல் என்று ஒவ்வொன்றுக்கும் விளம்பரம் இருக்கிறது. 'எனக்குக் குணமானது' என்று சொல்ல ஒருவரும் இருக்கிறார். இவற்றில் எது உண்மையில் பலன் தருகிறது என்று பார்க்கத்தான் மருத்துவ ஆய்வுகள் நடக்கின்றன. அந்த ஆய்வுகள் குறித்துப் பொதுவாக எழும் சந்தேகங்களை இங்கே பார்ப்போம்.

1. வயதானால் வண்டிச் சக்கரம்போல மூட்டும் தேயும். இதில் ஆராய என்ன இருக்கிறது?

'தேய்மானம்' என்ற சொல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மெலிவது உண்மை. ஆனால் குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அது மெலிவதால் மட்டும் வலிக்காது. அதன் அடியிலுள்ள எலும்பு, மூட்டைச் சுற்றியுள்ள உறை, அங்கே உண்டாகும் அழற்சி, தளர்ந்துபோன தொடைத் தசை எல்லாம் சேர்ந்துதான் வலியை உண்டாக்குகின்றன. உடல் எடை, பழைய காயம், பரம்பரை, பல ஆண்டுகள் குந்தியே செய்த வேலை ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

எக்ஸ்ரேயைப் பார்த்து 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை 1957-ல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தார்கள். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் ஒரே தரத்தில் உள்ள இருவரில் ஒருவர் வயல் வேலைக்குப் போய் வருவார். இன்னொருவரால் வாசல் படி இறங்க முடியாது. படம் ஒன்று சொல்கிறது, கால் வேறொன்று சொல்கிறது. சக்கரத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதனால்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

2. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஊசி போட்டதும் வலி போய்விட்டது. அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

அக்காவுக்கு வலி குறைந்தது உண்மையாகவே இருக்கட்டும். ஊசியால்தான் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

மூட்டுத் தேய்மான வலி ஏறி இறங்கும் தன்மை கொண்டது. தாங்க முடியாத உச்சத்தில்தான் நாம் மருத்துவரிடம் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு வலி பெரும்பாலும் தானாகவே சற்று இறங்கும். அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்கே போகும். அதோடு, நல்ல மருத்துவர் தொட்டுப் பார்த்து, 'சரியாகிவிடும்' என்று சொல்வதும் வலியைக் குறைக்கும். அது ஏமாற்று அல்ல, மனித உடலின் இயல்பு.

இதை மருத்துவ உலகுக்கு உறைக்க வைத்த ஆய்வு 2002-ல் வெளியானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், புரூஸ் மோஸ்லி என்ற அறுவை சிகிச்சை நிபுணர் 180 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு நுண்துளை வழியே கருவி செலுத்தி மூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு மூட்டைக் கழுவி மட்டும் விட்டார்கள். மூன்றாவது குழுவுக்கு முழங்காலின் தோலில் 3 சிறு கீறல்கள் மட்டும் போட்டுத் தைத்தார்கள். மருத்துவர் கருவிகளைக் கேட்டு வாங்கினார், காலை மடக்கி நீட்டினார், கழுவும் சத்தம் கேட்பதற்காக நீரைத் தெளித்தார். மூட்டுக்குள் எதையும் செலுத்தவில்லை.

2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று குழுக்களுக்கும் இடையே வலியிலோ நடையிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அந்த அறுவை சிகிச்சை அப்போது ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோருக்குச் செய்யப்பட்டுவந்தது. அவர்களிலும் பலர் 'எனக்குக் குணமானது' என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

கனடாவில் 178 பேரிடம் நடந்து 2008-ல் வெளியான ஆய்வும் இதையே உறுதிசெய்தது. தேய்மான வலிக்காக இந்த நுண்துளை அறுவை சிகிச்சையைச் செய்யக் கூடாது என்று 2017-ல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

3. வலி என்பது அவரவர் உணர்வு. அதை எப்படி அளக்க முடியும்?

வலிக்குத் தராசு இல்லை என்பது சரிதான். ஆனால் ஒரே கேள்விகளை ஒரே முறையில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்டால் மாற்றம் தெரியும். கனடாவில் உருவான 'வோமாக்' என்ற வினாத்தாள் இதற்கு உலகெங்கும் பயன்படுகிறது. அதில் 24 கேள்விகள்: வலி பற்றி 5, விறைப்பு பற்றி 2, அன்றாட வேலைகள் பற்றி 17.

நமக்கு ஒரு பாடமும் இதில் உண்டு. காரில் ஏறி இறங்க முடிகிறதா, குளியல் தொட்டியில் இறங்க முடிகிறதா என்பவை அந்த ஊர் வாழ்க்கையின் கேள்விகள். சம்மணமிட்டு உட்காருவதும் குந்தி எழுவதும் நம் வாழ்க்கையின் கேள்விகள். அதனால் புணே நகர ஆய்வாளர்கள் அந்த வினாத்தாளை இந்தியப் பழக்கங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தார்கள். யாருடைய வாழ்க்கையை வைத்து அளக்கிறோம் என்பதும் அறிவியலின் ஒரு பகுதிதான்.

4. குளுக்கோசமைன் மாத்திரை குருத்தெலும்பை வளர்க்கும் என்கிறார்களே?

இதைச் சோதிக்க அமெரிக்க அரசின் நிதியில் 1,583 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து, 2006-ல் முடிவு வெளியானது. குளுக்கோசமைன், காண்ட்ராய்டின், இரண்டும் சேர்ந்தது, செலகாக்சிப் என்ற வலி மாத்திரை, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என ஐந்து குழுக்கள். 24 வாரம் கழித்து, வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள்.

குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64 சதவீதம். இது மட்டும் விளம்பரத்தில் வந்தால் யாரும் வாங்கத்தான் செய்வார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அதே பலனைச் சொன்னவர்கள் 60.1 சதவீதம்! அந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. வலி மாத்திரையில் மட்டும், 70.1 சதவீதம் என்று, தெளிவான வேறுபாடு இருந்தது. வலி கடுமையாக இருந்த ஒரு சிறு பிரிவினருக்குக் கூட்டு மாத்திரை உதவியதுபோலத் தெரிந்தது. விற்பவர்கள் எடுத்துக்காட்டுவது அதைத்தான். 2 ஆண்டுத் தொடர் கண்காணிப்பில் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. பிரிட்டனின் 2022 வழிகாட்டி நெறிமுறை குளுக்கோசமைனைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று நேரடியாகவே சொல்கிறது.

5. மூட்டில் போடும் ஊசிகளில் எது நல்லது?

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*ஸ்டீராய்டு ஊசி:* கடும் வலியைச் சில வாரங்களுக்குத் தணிக்கும். திரும்பத் திரும்பப் போடுவதில்தான் சிக்கல். 140 பேருக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை என 2 ஆண்டுகள் ஸ்டீராய்டோ உப்புநீரோ செலுத்திப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. வலியில் வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாக மெலிந்திருந்தது.

*ஜெல் ஊசி:* மூட்டு வழவழப்பாகும் என்று சொல்லிப் போடப்படும் ஹையலுரானிக் அமில ஊசி. 169 ஆய்வுகளைத் திரட்டி 2022-ல் வெளியான அலசல், வெற்று ஊசியைவிட இது தரும் கூடுதல் பலன் நோயாளி உணரும் அளவுக்கு இல்லை என்று முடிவுக்கு வந்தது.

*பி.ஆர்.பி. எனும் ரத்தத்தட்டு ஊசி:* நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்து மூட்டில் செலுத்துவது. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஓராண்டுக்குப் பின், 0 முதல் 10 வரையிலான வலி அளவில் பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 புள்ளி குறைந்திருந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8. குருத்தெலும்பிலும் வேறுபாடு தெரியவில்லை.

*ஸ்டெம்செல் ஊசி:* மூன்று வகைச் செல் சிகிச்சைகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2023-ல் வெளியானது. ஓராண்டு முடிவில் எதுவும் ஸ்டீராய்டை விஞ்சவில்லை. நம் நாட்டில், ரத்த நோய்களுக்கான ஸ்டெம்செல் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம்செல் பயன்பாடுகள் எல்லாம் ஆய்வு நிலையில் உள்ளவை. முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே செய்யலாம் என்கிறது 2017-ன் தேசிய வழிகாட்டி நெறிமுறை. அதை விலைப்பட்டியலில் பார்த்தால் கேள்வி கேளுங்கள்.

6. வலிக்கிற காலோடு உடற்பயிற்சி செய்தால் இன்னும் தேயாதா?

வாசகர்களின் அச்சங்களில் இதுவே பெரியது. ஆய்வுகள் மிகத் தெளிவாகப் பதில் சொல்வதும் இதற்குத்தான்: சரியாகச் சொல்லிக்கொடுத்த பயிற்சி மூட்டைக் கெடுப்பதில்லை, காக்கிறது. மூட்டில் விழும் சுமையில் ஒரு பங்கைத் தொடைத் தசை ஏற்றுக்கொள்கிறது. வலிக்குப் பயந்து நடக்காமல் இருந்தால் தசை தளரும். தளர்ந்தால் வலி கூடும். கூடினால் இன்னும் உட்கார்ந்துவிடுவோம். இந்தச் சுழலை உடைப்பதுதான் பயிற்சியின் வேலை.

அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி, இன்னொரு குழுவுக்கு பிசியோதெரபி. ஓராண்டு கழித்து, 240 வரை போகும் வோமாக் அளவில் ஊசிக் குழுவின் சராசரி 55.8, பிசியோதெரபிக் குழுவின் சராசரி 37. எண் குறைந்தால் துன்பம் குறைவு என்று பொருள்.

எடைக்கும் இதே கதைதான். உடலில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மீது விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது என்று 2005-ல் அளந்து காட்டினார்கள். அதே ஆய்வாளர்கள், எடை கூடிய 454 பேரை 18 மாதங்கள் கவனித்தார்கள். உணவுக் கட்டுப்பாடு, பயிற்சி இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் சராசரியாக 10.6 கிலோ குறைந்தார்கள். ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட அவர்களுக்கே வலி குறைவாக இருந்தது.

யோகாவா, தசைப் பயிற்சியா என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2025-ல் வெளியான ஆய்வில் 12 வாரம் கழித்து இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு வலியைக் குறைத்திருந்தன. உங்களால் தொடர்ந்து செய்ய முடிவது எதுவோ, அதுவே உங்களுக்கு நல்லது. தொடக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

7. நம் நாட்டு மருந்துகளை யாரும் ஆய்வு செய்வதில்லையே?

செய்கிறார்கள், இன்னும் நிறையச் செய்ய வேண்டும். ஆயுர்வேத மருந்துக் கலவைகளைக் குளுக்கோசமைன், செலகாக்சிப் இரண்டோடும் ஒப்பிட்டு 440 பேரிடம் இந்தியாவில் 24 வாரம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. வலியைக் குறைப்பதில் அவை ஆங்கில மருந்துகளுக்கு இணையாக இருந்தன. யாருக்கு எந்த மருந்து என்று மறைத்து, முறையாகச் செய்யப்பட்ட ஆய்வு என்பதால் அது பெருமைக்குரியது.

அதே ஆய்வில் கவனிக்க வேண்டியவை இரண்டு. வெற்று மருந்துக் குழு அதில் இல்லை. வெற்று மாத்திரைக்கே 60 சதவீதம் பேர் தேறும் நோயில் அந்தக் குழு இல்லாதது பெரிய குறை. அடுத்து, ஆயுர்வேத மருந்து சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் நொதி ஏறி, மருந்தை நிறுத்தியதும் இயல்புக்கு வந்தது. 'மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது' என்பது தவறு என்று அந்த ஆய்வே காட்டிவிட்டது.

மஞ்சள் சாற்றை ஆஸ்திரேலியாவில் 70 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட வலி குறைந்தது. மூட்டு வீக்கமும் குருத்தெலும்பும் மாறவில்லை. நம்பிக்கை தரும் சிறிய ஆய்வு அது. ஆனால் அது செறிவூட்டிய சாறு. குழம்பில் போடும் மஞ்சள்தூளுக்கு அந்த முடிவைப் பொருத்த முடியாது.

8. வலி மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடலாமா?

மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் கூடவே கூடாது. ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரை 1999-ல் சந்தைக்கு வந்து மூட்டு வலிக்காரர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. நீண்ட நாள் பயன்பாட்டில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. வலி குறைகிறதா என்று சில வாரங்கள் பார்ப்பது ஆய்வின் பாதிதான். கெடுதல் வருகிறதா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்ப்பது மறுபாதி.

டனேசுமாப் என்ற ஊசிமருந்து வலியை நன்றாகவே குறைத்தது. ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்தது. 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசகர்கள் 19-க்கு 1 என்ற கணக்கில் அதற்கு எதிராக வாக்களித்தார்கள். அதே ஆண்டில் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

முழங்காலுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மேலே தடவும் வலி நிவாரணி ஜெல், மாத்திரையைவிடக் குறைவாகவே ரத்தத்தில் கலக்கிறது. பல நாட்டு வழிகாட்டி நெறிமுறைகள் அதையே முதலில் முயலச் சொல்கின்றன. சிறுநீரகக் கோளாறு, இரைப்பைப் புண், இதய நோய் உள்ளவர்கள் மருந்துக்கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கக் கூடாது.

9. கடைசியில் மூட்டு மாற்று அறுவைதானே? முதலிலேயே செய்துகொண்டால் என்ன?

மூட்டு மாற்று சிகிச்சை பலன் தருவது ஆய்வில் உறுதியானதுதான். டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களின் முழங்கால் நல மதிப்பெண் (இதில் எண் கூடினால் துன்பம் குறைவு) 32.5 புள்ளி உயர்ந்தது. பயிற்சி, எடைக்குறைப்பு, மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 16 புள்ளி. அறுவையில் கடுமையான பக்கவிளைவுகளும் கூடுதல்.

ஆனால் அறுவையின்றித் தொடங்கிய 50 பேரில், முதல் ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் 13 பேர்தான். அதாவது, அறுவை தேவை என்று கருதப்பட்டவர்களிலேயே நான்கில் மூவர் அந்த ஆண்டைப் பயிற்சியோடு கடந்துவிட்டார்கள். எனவே பயிற்சியை முறையாகச் செய்து பாருங்கள். தூக்கமும் நடையும் கெட்டு, வேறு வழி பலிக்காதபோது அறுவைக்குப் பயப்படாதீர்கள்.

10. தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்கும் மருந்து வந்துவிட்டது என்று செய்தி வருகிறதே?

ஸ்பிரிஃபெர்மின் என்ற மருந்தை 549 பேரிடம் சோதித்ததில், 2 ஆண்டில் குருத்தெலும்பு 0.05 மில்லிமீட்டர் தடித்தது. வலி மட்டும் வெற்று ஊசியைவிடக் குறையவில்லை. படத்தில் வந்த மாற்றம் காலுக்கு வரவில்லை.

எடைக்குறைப்பு ஊசியான செமாகுளுடைடு பற்றிய 2024 ஆய்வு வேறு வகை. உடல் பருமனோடு முழங்கால் வலியும் உள்ள 407 பேரில், மருந்து பெற்றவர்களின் எடை 68 வாரத்தில் 13.7 சதவீதம் குறைந்தது. 100 புள்ளி வலி அளவில் 41.7 குறைந்தது, வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 27.5. ஆய்வை நடத்தியது அந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனமே. பருமன் இல்லாதவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது.

செய்தி எதுவானாலும் நான்கைக் கேளுங்கள்: எத்தனை பேர்? எத்தனை மாதம்? எதோடு ஒப்பிட்டார்கள்? செலவு யாருடையது?

11. ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். என்னைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?

எலிக்கு 'முடியாது' என்று சொல்லும் உரிமை இல்லை, உங்களுக்கு உண்டு. இந்தியாவில் 2019-ன் புதிய மருந்து மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் அதை உறுதிப்படுத்துகின்றன. நன்மை தீமைகளை உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. 2009 ஜூன் முதல் மருத்துவ ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம்; அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். பதிவு எண் சொல்லத் தயங்கினாலோ, சோதனை மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

ஆய்வு முடியும்வரை காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து காய்ச்சல் அடித்தாலோ, காயத்துக்குப் பின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ, முழங்கால் மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஹூஸ்டன் ஆய்வுக்குத் தகுதி பெற்ற 324 பேரில் 144 பேர் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு மதிக்கப்பட்டது. சேர்ந்த 180 பேரும் தங்களுக்கு வெறும் கீறல் மட்டும் விழலாம், அதனால் தங்கள் மூட்டுக்கு எந்த நன்மையும் இருக்காது என்பதைத் தம் கைப்படவே எழுதிக் கொடுத்த பிறகுதான் அறுவை அரங்குக்குள் போனார்கள். தங்களுக்கு ஏதும் கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தே காலைக் கொடுத்தவர்கள் அவர்கள். பலன் தராத அறுவையிலிருந்து இன்று தப்பிக்கும் ஒவ்வொரு முழங்காலும் அந்த 180 கையெழுத்துகளுக்குக் கடன்பட்டிருக்கிறது.